சவுக்குக் கொப்பில எலக்ட்ரோட் செய்த அனுபவம்

ஃபைனல் இயர் ப்ரொஜெக்ட்டுக்கு பென்சைல் அல்ககோலுக்குக் கரண்ட் குடுத்து பென்சல்டிகைட்டா மாத்தோணும், எலக்ட்ரோட்ட (கரைசலுக்குள்ள கரண்ட் இறக்கிற கம்பி) மரத்தில இருந்து நீயே செய்யோணும் எண்டு சேர் சொல்லிட்டார். கல்லடிக் கடற்கரையில சவுக்குக்குக் கீழ முறிஞ்சு கிடந்த கொப்புகளைப் பொறுக்கி விரல் மொத்தத்தில 7 சென்டிமீட்டருக்கு வெட்டினன்.

அதுகள உலையில வெச்சுக் கரியாக்கோணும். முதல் தரம் 500 டிகிரி. பார்க்க நல்ல கறுப்பு, ஆனா மல்டிமீட்டர வெச்சா கரண்ட் ஒண்டும் ஓடல்ல. "பிள்ள, அது அடுப்புக்கரி, 900க்குப் போ" எண்டார் சேர். மறுகா அவசரப்பட்டு வேகமா ஏத்தினன், உள்ளுக்கிருந்த ஈரமும் வாயுவும் ஒரேயடியா வெளிய வந்து கொப்பு நீளத்துக்குப் பிளந்திட்டு. நாலாம் தரம் ரெண்டு கிழமை நிழல்ல காயவெச்சு, காத்துப் பட்டா சாம்பல்தான் மிஞ்சும் எண்டு நைதரசன் விட்டு, நிமிசத்துக்கு 2 டிகிரியா ஏத்தினன், 900 தொட 7 மணித்தியாலத்துக்கு மேல போச்சு, இடையில கரண்ட் போயிடக்கூடாது எண்டு மாமாங்கப் பிள்ளையாரக் கும்பிட்டுக்கொண்டே இருந்தன். வெளிய எடுத்தா 5½ சென்டிமீட்டர், நிறை கால்வாசி, தட்டினா கிண் எண்டு சத்தம். மீட்டர்லயும் தடை சில ஓம்தான், கரண்ட் நல்லா ஓடுது. அண்டைக்கு இருந்த சந்தோசம் சொல்லேலாது.

இனி செல், அதான் கரண்ட் விடுற பாத்திரம். கார்பனேட் பஃபர் (காரத்தன்மைய மாறாம வெச்சிருக்கிற கரைசல்), டெம்போ எண்ட ஊக்கி கொஞ்சம், ஒரு பக்கம் என்ட கரிக் கம்பி, மற்றப் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அல்ககோல ஒக்சிசனேற்றம் செய்யிறது டெம்போதான், முடிஞ்ச டெம்போவத் திரும்ப எழுப்பி விடுறதுதான் கரியிட வேலை, அதால பிளட்டினம் தேவையில்ல. 5 மில்லிமோல் அல்ககோல மாத்த 965 கூலோம் மின்னேற்றம் வேணும், அது 50 மில்லியம்பியர்ல 5 மணி 20 நிமிசம்.

ஒரு மணித்தியாலத்தில கரைசல் நீலமாகத் தொடங்கிட்டு. எனக்குக் கை காலெல்லாம் பதறிட்டு. பார்த்தா, மரம் உசிரோட இருக்கக்க தண்ணி ஏறின குழாயெல்லாம் கரியிலயும் அப்பிடியே இருக்கு, அதுக்குள்ளால கரைசல் மேல ஏறி கரிக் கம்பியப் பிடிச்சுக் கரண்ட் குடுக்கிற கிளிப்பில இருந்த செம்பக் கரைச்சிருக்கு. இத முதல்லயே ஆராவது சொல்லியிருந்தா ஒரு கிழமை மிச்சம், அதுக்காகத்தான் இதையே எழுதுறன்: கரிக் கம்பிட மேல் பாதிய உருக்கின மெழுகில தோய்ச்செடுங்க, கிளிப் பிடிக்கிற நுனிய மட்டும் சுரண்டி விடுங்க.

அடுத்த ஓட்டத்தில நீலமே இல்ல. மூணு மணித்தியாலம் போக மணம் வந்திச்சு, நத்தாருக்கு கேக் அடிக்கக்க போடுற ஆமண்ட் எசன்ஸ், அதே மணம், பென்சல்டிகைட்டிட மணமே அதுதான்! டிஎல்சி (கலவையப் புள்ளி புள்ளியாப் பிரிச்சுக் காட்டுற தகடு) போட்டா அல்டிகைட் புள்ளி பளிச்செண்டு, அல்ககோல் இன்னும் மெல்லிசாக் கிடக்கு. அதே கம்பியக் கழுவிக் காயவெச்சு இண்டைக்கு மூண்டாவது ஓட்டம் போட்டிருக்கன்.