மொட்டைமாடி வகுப்பு: சில குறிப்புகள்

26 மார்ச் 2025, புதன்

நேற்று காலை ஒரு மணி நேரத்துக்குள் திருவான்மியூர், பெசன்ட் நகர் என்று வரிசையாக ஐந்தாறு இடங்களில் சங்கிலிப் பறிப்பு. விமானம் ஏறித் தப்பப் பார்த்த இருவரை விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். அதில் ஒருவனை இன்று அதிகாலை தரமணியில் போலீஸ் சுட்டுக் கொன்றுவிட்டது. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து ஒரே கைதட்டல். எனக்குத் தட்டத் தோன்றவில்லை. நாளைக்கு வேறொரு பைக் பக்கத்தில் வந்தால் எதிர் வீட்டு மாமி என்ன செய்வார்?

சாயங்காலம் செயலாளர் அறிவித்தார்: ஞாயிறுதோறும் மொட்டைமாடியில் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி.

6 ஏப்ரல், ஞாயிறு

மாஸ்டர் ஒரு பெண். கராத்தே கறுப்பு பெல்ட். உதை, குத்து என்று ஆரம்பிப்பார் என நினைத்தால், முதல் அரை மணி நேரம் சங்கிலியைப் பற்றித்தான் பேச்சு. பைக்கில் வருகிறவன் இழுக்கும்போது நாமும் பிடித்து இழுத்தால் கழுத்து அறுபடும், ரோட்டில் விழுந்து தலை அடிபடும். "விட்டுடுங்க, கத்துங்க, வண்டி நம்பரைப் பாருங்க" என்றார்.

"தாலியை எப்படிம்மா விடறது?" என்றார் எதிர் வீட்டு மாமி. யாரும் சிரிக்கவில்லை. "மஞ்சள் கயித்துல கோத்துப் போட்டுக்கங்க மாமி, தங்கம் பீரோவுல இருக்கட்டும்" என்றார் மாஸ்டர். மாமி ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாக நடப்பது, கைப்பையைச் சுவர் பக்கத் தோளில் மாட்டுவது எல்லாம் அப்புறம் வந்தன. மணிக்கட்டைப் பிடித்தால் பிடித்தவனின் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி உருவ வேண்டும், பிடி தளர்வது அங்கேதான். பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள் இரண்டாம் தடவையே உருவிவிட்டாள். எனக்கு மணிக்கட்டு சிவந்ததுதான் மிச்சம்.

13 ஏப்ரல், ஞாயிறு

இன்றைக்கு அடிதடியே இல்லை, ஆனால் இதுவரை நடந்ததில் இதுதான் கடினம். மாஸ்டர் முதலில் திருடனாக வந்தார். எல்லோரும் அலறியதில் கீழ்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம் அவரே அலுவலகத்து சீனியராக வந்தார்: "லேட்டாயிடுச்சு, நானே டிராப் பண்றேன், வாங்க." அவ்வளவுதான், எல்லோர் குரலும் இறங்கிவிட்டது. "இல்லைங்க சார், பரவாயில்லைங்க, அண்ணன் வர்றார்…" "அண்ணன் வர்ற வரைக்கும் நானும் நிக்கறேனே" என்று மாஸ்டர் ஒரு அடி நெருங்கினார். பேசியவள் ஒரு அடி பின்வாங்கி, அசட்டுச் சிரிப்பு சிரித்தாள். வங்கியில் இருபது பேரை மேய்க்கிறவள் அவள்.

"காரணம் சொல்லாதீங்க. காரணம் சொன்னா அவன் அதுக்குப் பதில் வெச்சிருப்பான். வேண்டாம்னா வேண்டாம்."

15 ஏப்ரல், செவ்வாய்

இதெல்லாம் நிஜமாகவே பலன் தருமா என்று தேடிப் படித்தேன். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2015-இல் வெளியானது. ஒரு பாதிக்கு 12 மணி நேரப் பயிற்சி, மறு பாதிக்குத் துண்டறிக்கைகள் மட்டும். ஒரு வருடத்துக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் துண்டறிக்கை வாங்கியவர்களில் 9.8 சதவீதம், பயிற்சி பெற்றவர்களில் 5.2. தெரிந்த ஆண்களிடமிருந்து வரும் ஆபத்தை அடையாளம் காண்பதும் எதிர்ப்பதும் அந்தப் பயிற்சியின் மையம். நம் நாட்டிலும் பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்படுபவர் தெரிந்தவர்தான். ஞாயிறன்று திருடன் வேஷத்தை மாஸ்டர் சட்டென்று முடித்துக்கொண்டது ஏன் என்று புரிந்தது.

அதே சமயம் 5.2 என்பது பூஜ்யம் இல்லை. வகுப்புக்குப் போயும் ஒருத்திக்கு ஏதாவது நடந்தால் "கத்துக்கிட்டவதானே" என்று கேட்க நம் ஊரில் ஆள் இருக்கும். அந்தக் கேள்வியை நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

20 ஏப்ரல், ஞாயிறு

மூன்றாம் மாடியில் இருக்கும் வக்கீல் அக்கா கால் மணி நேரம் சட்டம் சொன்னார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தாக்கக் கூடாது. பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தால் அது தற்காப்பில் வராது, நம்மேல்தான் வழக்கு வரும். செயலாளர் முகம் கொஞ்சம் வாடியது.

மாமி மஞ்சள் கயிறுக்கு மாறவில்லை. ஆனால் "வேண்டாம்" என்று இன்று அவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

வகுப்பு முடிந்து, ரயில் நிலையப் பாதையில் எரியாத விளக்குகளுக்குப் புகார் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். வெயில் ஏறிவிட்டதால் மே மாதம் வகுப்பு காலை ஐந்தரைக்கு. மகள் இப்போதே முனக ஆரம்பித்துவிட்டாள்.