இடது காது ஊமையான கதை
பஹாவ் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 25 வெள்ளிக்கு வாங்கிய இயர்பட்ஸ், மூன்றே மாதத்தில் இடது பக்கம் ஊமை. பெட்டியில் ‘ஏஎன்சி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் புல்வெட்டும் மெஷின் ஓடும்போது போட்டுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை.

அக்கா மகன்தான் விளக்கினான். ஏஎன்சி நம் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது. இஎன்சி என்பது மைக்குக்கு. போனில் எதிரே பேசுபவருக்கு நம் பக்கத்துச் சத்தம் போகாமல் தடுப்பது. "மாமா, இஎன்சியை வச்சுட்டு ஏஎன்சின்னு போட்டு, ஒரு எழுத்துலதான் ஏமாத்துறாங்க" என்று சிரிக்கிறான்.

செம்பனைக் காட்டில் வேலை, வியர்வைக்குக் கேட்கவா வேண்டும்! அதனால் ஐபிஎக்ஸ்4 என்ற தரக்குறியாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், தண்ணீர் தெறித்தால் தாங்கும். அது காதில் மாட்டும் பட்ஸுக்குத்தான். சார்ஜ் ஏற்றும் கேஸுக்கும் உண்டு என்று தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய நம்பாதீர்கள். நான் ஈரத்தோடு அப்படியே கேஸில் போட்டு மூடிவிடுவேன். பழசைத் திறந்து பார்த்தால் சார்ஜ் ஏறும் குட்டி முனையில் பச்சை பிடித்திருக்கிறது. சரி, பாதித் தப்பு என்னுடையது.

இந்த முறை சிரிம் (மலேசியத் தரச் சான்று) லேபிள் பார்த்து, ஓராண்டு வாரண்டியோடு 89 வெள்ளிக்கு வாங்கினேன். முதலில் பாட்டில் ‘பேஸ்’ என்கிற அடிச்சத்தமே இல்லை. காதுக்குள் போகும் ரப்பரைப் பெரிய அளவுக்கு மாற்றியதும் திம்மென்று வந்துவிட்டது!

அம்மா மட்டும் இன்னும், "காதுல என்னடா பஞ்சு?" என்கிறார்.