வரைபடத்தில் ஒரு புள்ளிக்கோடு

ஞாயிறு பள்ளிப் பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தேன். அவற்றுள் என்னையே திருத்திய பாடம் பவுல் அப்போஸ்தலரின் கடைசிக் காலத்தைப் பற்றியது. அவருடைய மூன்று பயணங்களுக்கும் ரோமாபுரிக் கப்பல் யாத்திரைக்கும் வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூலில் ஊர் ஊராகச் சான்று உண்டு. ஆனால் அந்த நூல், வாடகை வீட்டில் இரண்டு வருடம் தங்கித் தடையின்றிப் போதித்தார் என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. விசாரணையின் முடிவைப் பற்றியோ மரணத்தைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை.

எங்கள் வரைபடத்திலோ ரோமாபுரியிலிருந்து ஸ்பெயினுக்கு அழுத்தமான சிவப்புக் கோடு ஓடியது. அதை நான் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டேன். நூல் அச்சாகி வந்தபின், கிராமச் சபையொன்றில் வகுப்பெடுக்கும் ஆசிரியை, பவுல் ஸ்பெயினுக்குப் போனது எந்த வசனத்தில் இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பதாக எழுதியிருந்தார். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் இருப்பது போகவேண்டும் என்ற விருப்பம் மட்டுமே. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரிச் சபை கொரிந்துவுக்கு எழுதிய, கிளெமெந்தின் பெயரால் வழங்கும் நிருபம், அவர் மேற்கின் எல்லைவரை சென்றார் என்கிறது. நாட்டின் பெயரைச் சொல்லவில்லை. விடுதலையாகி, மீண்டும் ஊழியம் செய்து, இரண்டாம் முறை ரோமாபுரிக்கு வந்து நீரோவின் காலத்தில் இரத்தசாட்சியானார் என்ற செய்தியை, நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியஸ் தமக்கு வந்த மரபாகவே எழுதுகிறார். அடுத்த பதிப்பில் கோட்டைப் புள்ளிக்கோடாக்கினோம்.

மரணத்தைப் பற்றிய பத்தியில்தான் வாதம் நீண்டது. வெட்டுண்ட பவுலின் தலை மூன்று முறை துள்ளிய இடங்களில் மூன்று ஊற்றுகள் பிறந்தன என்பதைச் சேர்க்கவேண்டும் என்றார்கள். அது பிற்காலக் கதை. தொடக்கக்காலச் சாட்சிகள் எவரும் அதைச் சொல்லவில்லை என்று வாதாடி நீக்கினேன். ரோமக் குடிமகன் ஆகையால் சிலுவையில் அறையாமல் வாளால் கொன்றார்கள் என்ற மரபையும், ஒஸ்தியா சாலையில் அவர் பெயரால் நிற்கும் பேராலயத்தின் பீடத்துக்கு அடியிலுள்ள கல்லறைப் பேழையையும், அதனுள் இருந்த எலும்புத் துணுக்குகள் முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று 2009-இல் வத்திக்கான் அறிவித்ததையும் வைத்துக்கொண்டோம். அவை யாருடையவை என்று எலும்புகளின் காலத்தைக் கணித்த சோதனையால் சொல்ல முடியாது என்பதையும் அதே பத்தியில் எழுதினேன்.

என் மனம் அதிகம் தங்கியது, பவுல் தம் சீடர் தீமோத்தேயுவுக்கு எழுதியதாக வழங்கும் இரண்டாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில். அது பவுல் எழுதியதே அல்ல என்று கருதும் அறிஞர்கள் பலர். ஆயினும், சாவை எதிர்நோக்கியிருக்கும் முதியவர், துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியையும் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்லி, மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்று கெஞ்சும் அந்த வரிகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். லூக்கா மட்டும் உடனிருக்கிறார். துரோப்பீமு நோயாளியாய் மிலேத்துவில் விடப்பட்டிருக்கிறார். அட்டையில் வரைந்திருந்த வாளை எடுத்துவிட்டு, மடித்துவைத்த மேலங்கியொன்றை வரையச் சொன்னேன். துரோவாவிலிருந்து ரோமாபுரிக்குத் தீமோத்தேயு எந்த வழியாக அதைச் சுமந்து போயிருப்பார் என்று பிள்ளைகளே வரையட்டும் என, வரைபடத்தில் அந்தப் பகுதியைக் கோடில்லாமல் விட்டோம்.