பரங்கிமலையில் ஏழு வெள்ளிக்கிழமைகள்

இது என் நேர்ச்சை இல்லை, அம்மாவுடையது. போன வருஷம் அப்பா நெஞ்சுவலியோடு ஐசியூவில் கிடந்த இரண்டாம் நாள் ராத்திரி, ஆஸ்பத்திரி வராண்டாவில் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா, "மனுஷன் பிழைச்சு வீட்டுக்கு வந்தா, வர்ற தவக்காலத்துல ஏழு வெள்ளியும் மலை ஏறிச் சிலுவைப்பாதை செய்றேன்" என்று, சென்னைப் பரங்கிமலையில் கோயில்கொண்டிருக்கிற இயேசுவின் சீடர் தோமையாரிடம் நேர்ந்துகொண்டார். சிலுவைப்பாதை என்பது இயேசு சிலுவை சுமந்த வழியை நினைத்துப் பதினாலு ஸ்தலங்களில் நின்று ஜெபிப்பது. அப்பா பிழைத்து வந்தார். ஆண்டவருக்குத் தோத்திரம், அதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. ஆனால் ஜனவரியில் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகிவிட்டது. "நீ எனக்காக ஏறுடி, நாலாம் ஸ்தலத்துல மட்டும் கொஞ்சம் நின்னு எனக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

சின்ன வயதில் அம்மாவோடு இந்த மலையை எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன். பெரம்பூரிலிருந்து சென்ட்ரல், அங்கிருந்து ரோட்டைத் தாண்டி பார்க் ஸ்டேஷன், அப்புறம் தாம்பரம் வண்டி. பரங்கிமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் தலைக்கு மேலே விமானம் தாழ்வாக வந்துகொண்டே இருக்கும். நான் ஜெபத்தை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு அதைத்தான் பார்ப்பேன். அம்மா ஒன்றும் திட்டமாட்டார், இரண்டு விரலால் என் தாடையைப் பிடித்துச் சிலுவைப் பக்கம் திருப்பி, "பராக்குப் பார்க்காதே" என்பார். பூசையிலும் அதே வார்த்தை, ஜெபமாலையிலும் அதே வார்த்தை. பராக்கு என்பது ஏதோ சின்னப் பிள்ளைகளின் பாவம், வளர்ந்தால் தானாகப் போய்விடும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் கழிந்து வந்த முதல் வெள்ளி. ஸ்டேஷனில் இறங்கியதுமே ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள், வாய்க்கு வந்த ரேட்டு, அதுவும் "படி எதுக்குக்கா, கார் ரோடு வழியா நேரா கோயில் வாசல்லயே விடறேன்" என்று. அடிவாரத்தில் மெழுகுவர்த்தி விற்பவர்கள் வேண்டாம் என்றாலும் கையில் திணிக்கிறார்கள், வாங்காவிட்டால் முனகுகிறார்கள். படியில் வழியை மறித்து நின்று போட்டோ எடுக்கிறவர்கள் வேறு. நேர்ச்சையோடு வருகிறவர்களுக்கு இதெல்லாம் எவ்வளவு வலிக்கும் என்று யாராவது யோசித்தால் நன்றாக இருக்கும்.

ஆனால் அன்றைக்கு என்னைக் கெடுத்தது அவர்கள் யாரும் இல்லை. பங்கின் ஜெபக் குழுவான அன்பியத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த சிலுவைப்பாதை பிடிஎஃப்பை போனில் திறந்துவைத்துக்கொண்டுதான் ஏறினேன். மூன்றாம் ஸ்தலம் முடிந்ததும் மேலே ஆபீஸ் மெசேஜ் ஒன்று எட்டிப் பார்த்தது. ஒரு பில் சம்பந்தமான விஷயம், திங்கட்கிழமை பார்த்தால் போதும். ஆனால் கை சும்மா இருக்கவில்லை, பதில் போட்டேன், அதற்கு ஒரு பதில் வந்தது, அப்புறம் இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு முன்னால் போன கூட்டம் ஐந்தாம் ஸ்தலத்தில் முழங்காலில் இருந்தது. இயேசு தம் தாயைச் சந்திக்கிற இடத்தில், என் தாய் ஒரே ஒரு ஜெபம் கேட்ட இடத்தில், நான் பில்லைப் பற்றி டைப் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். பின்னால் கூட்டம் நெருக்கியது, போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆசையாகக் கேட்டார், "நாலாம் ஸ்தலத்துல சொன்னியா?" சொன்னேன் என்றேன். அந்த ஒரு வார்த்தை ஆறு வாரம் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அடுத்த வெள்ளியிலிருந்து போனை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, அம்மாவின் பழைய ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். போன் இல்லை என்று நன்றாகத் தெரியும், ஆனாலும் ஒவ்வொரு ஸ்தலத்திலும் கை கைப்பைக்குள் போகும், துழாவும், வெறுமனே வெளியே வரும். ஏழாம் ஸ்தலத்தில், ஆண்டவர் இரண்டாம் முறை விழுகிற இடத்தில், அழுதுவிட்டேன். விசுவாசம் ஒரே நாளில் போய்விடாது, இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கை நழுவும் போலிருக்கிறது. நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை, ஜெபத்தையும் நிறுத்தவில்லை, ஆனால் ஜெபம் மூன்று நிமிஷமாகச் சுருங்கியிருந்தது, அந்த மூன்று நிமிஷத்திலும் நான் அங்கே இல்லை.

மார்ச் பிறந்ததும் வெயில் ஏறிவிட்டது. எட்டு மணிக்கே கருங்கல் படி காலைச் சுடும், நேர்ச்சை வெறுங்காலோடு என்பதால் செருப்பும் கிடையாது. இந்தப் படிகளைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்கிற ஆர்மீனிய வியாபாரி. 1726ல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு முதன்முதலில் பாலம் கட்டியவரும் இவரேதான். எங்கேயோ பிறந்து பிழைக்க வந்த மனிதர், முன்பின் தெரியாத யாத்ரீகர்கள் கால் வைக்க வேண்டும் என்று தன் காசைக் கொட்டியிருக்கிறார். பாதம் கொப்பளித்த அன்றைக்கும் அவர் ஆத்துமாவுக்காக ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டுதான் ஏறினேன்.

ஐந்தாம் வெள்ளி அதிகாலையிலேயே போய்விட்டேன். கோயிலுக்குள் பத்துப் பேர்கூட இல்லை. பீடத்துக்குப் பின்னால் அந்தச் சிலுவை, தோமையார் தம் கையாலேயே செதுக்கியது என்று நம் முன்னோர் காலத்திலிருந்து நம்பி வருகிற சிலுவை. 1547ல் கிடைத்தது, 1558 டிசம்பர் 18ஆம் தேதி பூசை நேரத்தில் இரத்தம் வியர்த்தது என்பதெல்லாம் ஞானோபதேச வகுப்பிலிருந்தே மனப்பாடம். ஆனால் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கருங்கல்லில் புடைத்து நிற்கிற சிலுவை, மேலே தலைகீழாக இறங்குகிற புறா, சுற்றிலும் வளைந்து ஓடுகிற பஹ்லவி என்கிற பழைய பாரசீக எழுத்து. எத்தனை வருஷமாக எத்தனை பேர் இதன் முன்னால் அழுதிருப்பார்கள்! காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர், ஒருமுறை நம்பிய பிறகு கலிலேயாவை விட்டு, இந்த மலைவரை வந்து ஈட்டிக்கு உயிரைக் கொடுத்தார் என்பது நம் நம்பிக்கை. நடுவில் எத்தனை இடத்தில் நின்றுவிட அவருக்குக் காரணம் இருந்திருக்கும்! எனக்கு ஒரு மெசேஜ் போதுமாக இருந்தது. "என் ஆண்டவரே, என் தேவனே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன், வேறு ஜெபம் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது, அதுவரை ஒரு விமானச் சத்தம்கூட என் காதில் விழவில்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இப்படி ஒரு காலைப்பொழுதைக் கொடுத்த என் இயேசுவுக்கு என்ன கைம்மாறு செய்வேன்!

ஏழாவது, பெரிய வெள்ளி. கால் வைக்க இடமில்லை. தள்ளுமுள்ளில் ஒரு பாட்டி விழப் பார்த்தார், நல்லவேளை நாலு பேர் பிடித்துக்கொண்டோம். கோயிலுக்குள் நுழையவே முடியவில்லை, வாசலில் நின்றே முடித்தேன். நாலாம் ஸ்தலத்தில் மட்டும் யார் தள்ளினாலும் நகரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "முதல் வெள்ளி நான் பொய் சொன்னேம்மா. அன்னைக்கு உனக்காகச் சொல்லலை."

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ஏன்டி, விமானமா?"

"இல்லம்மா, போன்."

ஒன்றும் சொல்லவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். "சரி, இப்போ சொல்லு" என்றார். அருள் நிறைந்த மரியே வாழ்க என்று ஆரம்பித்தேன், பாதி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. அடுத்த அறையில் படுத்திருந்த அப்பா, தூங்குகிறார் என்று நினைத்திருந்தோம், அங்கிருந்தே மீதியை எடுத்துக்கொண்டார்: "அர்ச்சிஷ்ட மரியாயே..."