பனங்கொட்டையைத் தொட்டியில் போடுகிறவர்களுக்கு

பனங்கொட்டை முதலில் கீழ்நோக்கித்தான் முளைக்கும். குழல் போன்ற முளை மண்ணுக்குள் இறங்கி, அதன் நுனிப் பக்கம்தான் கிழங்கு திரளும். அரையடித் தொட்டியில் அது அடியைத் தட்டி மடங்கிவிடும். குறைந்தது 2½ அடி உயரமுள்ள பிவிசி குழாயோ சாக்கோ வேண்டும்; அடியில் துளை அவசியம்.

ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் சதையை முடிந்தவரை சுரண்டிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மணலும் செம்மண்ணும் சரிபாதி கலந்து 2 அங்குல ஆழத்தில் புதைக்கலாம். ஈரம் போதும், நீர் தேங்கினால் முளை அழுகும். மாதக்கணக்கில் காய்ந்த கொட்டையை நம்ப வேண்டாம்.

பல மாதம் மேலே ஒன்றுமே தெரியாது. ஆர்வத்தில் தோண்டி முளையை முறித்தால் கதை முடிந்தது. (கிழங்கு தின்னத்தான் என்றால் தை மாதம் தோண்டலாம், அது வேறு கணக்கு.) மரம்தான் வேண்டுமென்றால் நிலத்திலேயே ஊன்றுங்கள், பிடுங்கி நட்ட பனை பிழைப்பது அரிது.