பிளேரைட் டெஸ்டில் ஸ்கிரீன்ஷாட்: இதுவரை வந்த தூரம்

ஓய்வு நேரத்தில் கட்டிவரும் இணையதளத்துக்கு, பிரவுசரைத் தானே இயக்கிச் சோதிக்கும் பிளேரைட் என்ற கருவியில் டெஸ்ட் எழுதுகிறேன். இந்த வாரம் கைவைத்தது ஸ்கிரீன்ஷாட்டில்.

ஃபெயில் ஆகும்போது மட்டும் படம் எடுப்பது சுலபம். கான்ஃபிக் ஃபைலில் 'ஒன்லி-ஆன்-ஃபெயிலியர்' என்று கொடுத்தால் முடிந்தது. (செலினியம் என்ற இன்னொரு டெஸ்ட் கருவியில் அதற்கு நாமே கோட் எழுத வேண்டும், அதுவும் பிரவுசரை இயக்கும் டிரைவரை மூடுவதற்கு முன்னால்.) பலன் உடனே தெரிந்தது. 'சேமி' பட்டனைக் கிளிக் செய்யவிடாமல் ஏதோ ஒரு டிவ் (பக்கத்தில் ஒரு பெட்டிப் பகுதி) குறுக்கே நிற்பதாக லாக் சொன்னது. எந்த டிவ்? படத்தைத் திறந்தால், குக்கி அனுமதி கேட்கும் பட்டை பட்டன்மேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

முழுப் பக்கத்தையும் எடுக்க 'ஃபுல்பேஜ்' இருக்கிறது. ஆனால் லேசி லோடிங் படங்கள் (ஸ்க்ரோல் செய்து அருகே போனால்தான் லோட் ஆகுபவை) கீழே வெறும் கட்டங்களாக வந்தன. முதலில் கடைசிவரை ஸ்க்ரோல் செய்து, படங்கள் வந்து சேரும்வரை காத்திருந்து எடுத்ததும் சரியானது.

உண்மையான வேலை, பழைய படத்தோடு புதியதை ஒப்பிடுவதில்தான். அதற்கான 'டு ஹேவ் ஸ்கிரீன்ஷாட்' கட்டளை, அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்கள் ஒன்றுபோல் வரும்வரை காத்திருக்கும். அனிமேஷனையும் தானே நிறுத்திவிடும். அதற்கு அடங்காதது எழுத்துரு. மேக்கில் எடுத்த படமும் லினக்ஸில் எடுத்ததும் எழுத்தின் ஓரங்களில் மாறுபடும். அதனால்தான் பிளேரைட் படத்தின் பெயரிலேயே பிரவுசரையும் இயங்குதளத்தையும் சேர்த்துவிடுகிறது. மூலப் படங்களையும் சோதனையையும் ஒரே டாக்கர் இமேஜுக்குள் (எந்தக் கணினியிலும் ஒரே சூழலைத் தரும் பொதி) ஓட்டியபின் அந்தத் தொல்லை ஒழிந்தது.

அப்புறம், பக்கத்தில் நாளுக்கு நாள் மாறும் தேதி. ஒப்பிடும்போது ஒரு பகுதியை மறைக்கும் 'மாஸ்க்' போட்டால் அந்த இடத்தில் பளீரென்ற இளஞ்சிவப்புக் கட்டம் வரும். ஆனால் 'மே 1' இருந்த இடத்தில் 'செப்டம்பர் 30' வந்தால் கட்டமே அகலமாகி, பக்கத்தில் இருப்பதைத் தள்ளிவிடுகிறது! இதற்கு மாஸ்க் உதவாது. பிரவுசரின் கடிகாரத்தையே ஒரு தேதியில் நிறுத்திவைத்தேன். எத்தனை பிக்சல்வரை மாறலாம் என்று சொல்லும் 'மேக்ஸ் டிஃப் பிக்சல்ஸ்' எண்ணை ஏற்றியும் டெஸ்டைப் பாஸ் ஆக்கலாம்தான். ஆனால் காணாமல்போன ஒரு சின்ன ஐகானும் அந்தக் கணக்கில் தப்பிவிடும் என்பதால் அதைத் தொடவில்லை.

இப்போது முகப்பும் லாகின் பக்கமும் நிலையாக ஓடுகின்றன. வரைபடம் இருக்கும் பக்கம் இன்னும் அடம்பிடிக்கிறது. அங்கே கேன்வாஸ் (வரைபடம் வரையப்படும் பகுதி) எப்போது வரைந்து முடிக்கிறது என்பதை டெஸ்டுக்குச் சொல்ல ஒரு வழி பார்க்க வேண்டும்.