சுன்-லி முகமும் மச்சானோட கல்லும்

மார்வெல் காமிக்ஸ் ஹீரோக்களும் கேப்காம் கம்பெனி கேம் ஆளுங்களும் மோதுற சண்டை வீடியோ கேம், மார்வெல் வர்சஸ் கேப்காம்: இன்ஃபினிட். அது 2017-ல வந்தப்போ விமர்சகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க. பாதி நியாயம்தான். டெமோவுல சுன்-லி (கேப்காமோட ஸ்ட்ரீட் ஃபைட்டர் வீராங்கனை) முகம் வெயில்ல வெச்ச மெழுகு பொம்மை மாதிரி இருந்துச்சு. கேப்காமே அப்புறம் திருத்திச்சு. ஆனா வுல்வரின் இல்ல, மேக்னீட்டோ இல்ல, ஸ்டார்ம் இல்ல! இவங்க வர்ற மார்வெலோட எக்ஸ்-மென்னை வெச்சே பேர் வாங்கின கேம் வரிசைங்க இது. 2000-ல வந்த ரெண்டாம் பாகத்துல 56 பேர், இதுல ஆரம்பத்துல 30தான்.

சண்டை மட்டும் அவ்வளவு சுகம். திட்டினவங்கள்லயே பல பேர் அதை ஒத்துக்கிட்டாங்க. அடி வாங்கிட்டு இருக்கும்போதே மீட்டரை (சண்டை போடப் போட நிரம்புற சக்திப் பட்டை) செலவழிச்சு கூட்டாளியை உள்ள இறக்கிடலாம். அந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இன்னும் ஆடுறேன்.

யாங்கூன்ல கரண்ட் இருக்கிற நேரமா பார்த்து மச்சான் வீட்ல உக்காந்துடுவோம். அவன் ரியாலிட்டி கல்லை (ஆட்டத்துல நாம தேர்ந்தெடுக்கிற சக்திக் கல்லுங்கள்ல ஒண்ணு) எடுத்துக்கிட்டு மூலையில நின்னு, துரத்தி வர்ற உருண்டையா விட்டுட்டே இருப்பான். கடுப்பாகும் (சொந்தக்காரன், ஒண்ணும் சொல்ல முடியாது).

சண்டை கேம்களுக்கான பெரிய போட்டியான ஈவோவோட 2018 பட்டியல்லகூட இதைச் சேர்க்கல. அது ரொம்ப ஓவர்ப்பா. கிராஃபிக்ஸ் சரியில்லன்னு திட்டுங்க, ஆட்டத்தை ஏன் ஒதுக்கணும்?

நம்ம பக்கம் யாராவது ஆடுறீங்களா? கமென்ட்ல சொல்லுங்க, மச்சானை அடிக்க ஆள் வேணும்.